வில்லை நாமே பார்த்துக்கொள்வதா, கடைக்கு அனுப்புவதா? (விவாத இழை)

8 ஜூன் 2025, இரவு 9.12 | நெல்லை வில்லாளி

எங்க ஊர்ல வில் கடை கிடையாது. ஸ்ட்ரிங் மாத்தணும்னாலும் கூரியர்ல அனுப்பிட்டு உட்கார்ந்திருக்கணும். என்கிட்ட 68 அங்குல ரீகர்வ் (நுனி வெளிப்பக்கம் வளைஞ்ச வில்), இழுக்கிற எடை 34 பவுண்ட். தங்கச்சிகிட்ட 50 பவுண்ட் காம்பவுண்ட் (நுனியில சக்கரம் வச்ச வில்). "வில்லுல கை வைக்காதே, கடைக்காரர் பார்த்துக்குவார்"னு கோச் சொல்றார். வீடியோவுல பார்த்தா எல்லாரும் எல்லாத்தையும் வீட்டுலயே கழட்டி மாட்டுறாங்க. எதை நாமளே செய்யலாம், எதைத் தொடவே கூடாது?

8 ஜூன், இரவு 10.05 | நாணிழை

தம்பி, ரெண்டு வில்லுக்கும் ஒரே பதில் கிடையாது. வேலையைத் தொடும் முன்னால் மூன்று கேள்வி கேளுங்கள். இப்போது இருக்கும் நிலையை அளந்து எழுத முடியுமா? கெட்டுப்போனால் அதே நிலைக்குத் திருப்ப முடியுமா? வேலை செய்யும்போது லிம்பில் (வில்லின் வளையும் பகுதியில்) விசை ஏறியிருக்கிறதா?

ரீகர்வில் நாணைக் கழற்றியதும் லிம்ப் தளர்ந்துவிடும். அதனால் அதன் பராமரிப்பு கிட்டத்தட்ட முழுக்க உங்கள் கையில்தான் இருக்க வேண்டும். நாண் முறுக்கு, பிரேஸ் ஹைட் (பிடிக்கும் நாணுக்கும் இடைவெளி), டில்லர் (லிம்ப் அடிக்கும் நாணுக்கும் இடைவெளி), நாக்கிங் பாயின்ட் (நாணில் அம்பு மாட்டும் இடம்), பட்டன் (அம்பைப் பக்கவாட்டில் தாங்கும் ஸ்பிரிங் ஊசி), கிளிக்கர் (முழு இழுப்பு வந்ததும் சத்தமிடும் தகடு), ரெஸ்ட் (அம்பு உட்காரும் தாங்கி), நடு செர்விங் (நாண் நடுவில் சுற்றிய காப்பு நூல்), எதற்கும் கடை தேவையில்லை. லிம்ப் விரிசல், ரைசர் (பிடி உள்ள நடுப்பகுதி) திருகல், மரை கெட்டுப்போவது, இந்த மூன்றுக்குத்தான் வெளியே போக வேண்டும்.

காம்பவுண்ட் சும்மா தொங்கும்போதும் லிம்ப் வளைந்துதான் இருக்கிறது. நாணையோ கேபிளையோ கேமிலிருந்து (லிம்ப் நுனிச் சக்கரத்திலிருந்து) எடுக்க வேண்டுமென்றால் போ பிரஸ் (லிம்பை அழுத்தி நாணைத் தளர்த்தும் கருவி) வேண்டும். பிரஸ் இல்லாமல் செய்யலாம் என்று எந்த வீடியோ காட்டினாலும் நம்ப வேண்டாம். லிம்ப் போல்ட்டை முழுக்கத் தளர்த்தி நாணைக் கழற்றும் வித்தை சில பழைய வில்களில் நடந்தது. இன்றைய குட்டை லிம்ப் வில்லில் போல்ட் மரையை விட்டு வெளியே வரும்போதும் லிம்பில் விசை மிச்சம் இருக்கும். ரைசரும் போகும், முகமும் போகும்.

8 ஜூன், இரவு 10.31 | நாணிழை

கருவி வாங்கும் முன் ஒரு நோட்டு வாங்குங்கள்.

ரீகர்வுக்கு எழுத வேண்டியவை: பிரேஸ் ஹைட் (பட்டன் துளைக்கு நேரே, பிடியின் ஆழமான இடத்திலிருந்து நாண் வரை), மேல் டில்லர், கீழ் டில்லர், நாக்கிங் பாயின்ட் உயரம், நாணின் முறுக்கு எண்ணிக்கை, லிம்ப் போல்ட் முழு இறுக்கத்திலிருந்து எத்தனை சுற்று வெளியே, பட்டன் வெளியே நீட்டும் நீளம், பட்டன் ஸ்பிரிங் எண், கிளிக்கர் இடம், முழு இழுப்பில் விரலில் ஏறும் எடை.

காம்பவுண்டுக்கு: ஆக்சில்-டு-ஆக்சில் (இரு கேம் அச்சுகளுக்கு இடையே தூரம்), பிரேஸ் ஹைட், இரு டில்லர், இழுப்பின் உச்ச எடை, டிரா நீளம் (இழுப்பு நீளம்), டி-லூப் (நாணில் கட்டிய சின்னக் கயிற்று வளையம்) உயரம், பீப் (நாணில் உள்ள பார்வைத் துளை) உயரம், ரெஸ்ட் நடுவிலிருந்து ரைசர் வரை. கூடவே இரண்டு கேமையும் பக்கவாட்டில் படம் எடுங்கள். கேபிள் கேமைத் தொடும் இடத்தில் வெள்ளி மார்க்கரால் ஒரு கோடு போட்டுவிடுங்கள். கேபிள் நீண்டால் அந்தக் கோடுதான் முதலில் சொல்லும்.

கடைக்கே அனுப்புவதாக இருந்தாலும் இந்தப் பக்கத்தின் நகல் பெட்டிக்குள் போக வேண்டும். உங்கள் வில் எப்படி இருந்தது என்பது கடைக்காரருக்குத் தெரியாது. எண் இல்லாமல் அனுப்பினால் அவர் கம்பெனி அளவில் வைத்துத் திருப்பி அனுப்புவார். அவரைக் குறை சொல்ல முடியாது.

9 ஜூன், காலை 7.20 | அச்சாணி

காம்பவுண்ட் பக்கம் நான் சொல்கிறேன். பிரஸ் இல்லாமல் வீட்டில் செய்யக்கூடியது நிறைய இருக்கிறது: டி-லூப் கட்டுவது, ரெஸ்ட் நகர்த்துவது, சைட் (குறிபார்க்கும் கருவி) அச்சு சரிபார்ப்பது, மெழுகு, எல்லா திருகும் இறுகியிருக்கிறதா என்று பார்ப்பது, லிம்ப் போல்ட்டை வரம்புக்குள் திருப்பி எடை மாற்றுவது. எத்தனை சுற்றுவரை தளர்த்தலாம் என்பது வில்லுக்கு வில் வேறு, கையேட்டில் இருக்கும். மேலும் கீழும் சமமாகத் திருப்ப வேண்டும். லிம்ப் பாக்கெட்டில் பூட்டுத் திருகு இருந்தால் முதலில் அதைத் தளர்த்த வேண்டும், கடைசியில் அதை இறுக்க வேண்டும். பூட்டைத் தளர்த்தாமல் பெரிய போல்ட்டைத் திருகி மரையைக் கிழித்த ரைசர்கள்தான் பட்டறைக்கு அதிகம் வருகின்றன.

9 ஜூன், காலை 7.48 | நெல்லை வில்லாளி

அண்ணே, தங்கச்சி வில்லுல டி-லூப் ரொம்ப தேஞ்சு போச்சு. உள்ளே வெள்ளையா தெரியுது. இதை நானே கட்டலாமா?

9 ஜூன், காலை 8.15 | அச்சாணி

உறை பிய்ந்து உள் இழை தெரிந்தால் அந்த லூப்பால் இனி ஒரு அம்பும் எய்யாதீர்கள். முழு இழுப்பில் லூப் அறுந்தால் ரிலீஸ் (லூப்பில் மாட்டி நாணை விடும் கைக்கருவி) பிடித்த கை வாயில் வந்து மோதும்.

2 மி.மீ அளவு லூப் கயிறு சுமார் 11 செ.மீ வெட்டுங்கள். ஒரு நுனியை விரல் நகத்தால் பிரித்துப் பூப்போல விரித்து, லைட்டரால் உருக்கி, காளான் தலை மாதிரி ஆனதும் உலோகத்தில் அழுத்துங்கள். சுடர் கயிற்றைத் தொட்டுக் கறுக்கக் கூடாது, கறுத்த இடம் நொறுங்கும். பழைய லூப்பைக் கழற்றும் முன் அதன் மேல் விளிம்பையும் கீழ் விளிம்பையும் செர்விங்கில் குறித்துக்கொள்ளுங்கள். மேல் முடிச்சின் தலை ஒரு பக்கம், கீழ் முடிச்சின் தலை எதிர்ப் பக்கம் வர வேண்டும். இரண்டும் ஒரே பக்கம் வந்தால் லூப் நாணைத் திருப்பும், பீப் கண்ணுக்கு நேரே வராது. இன்னொரு நுனியையும் உருக்கிய பிறகு, லூப்பில் இடுக்கி மூக்கை நுழைத்து வாயைத் திறந்து இழுத்து இறுக்குங்கள். வெறும் கையால் இழுத்தால் போதாது. முதல் அம்புகளை வைக்கோல் கட்டுக்கு மிக அருகில் நின்று எய்யுங்கள், முடிச்சு இன்னும் சற்று ஏறும். பிறகு உயரத்தை மறுபடி அளங்கள்.

9 ஜூன், மாலை 6.02 | நாணிழை

அச்சாணி சொன்ன மரை விஷயத்தை இன்னும் அழுத்திச் சொல்ல வேண்டும். நம் ஊரில் இதுதான் அதிக வில்லைக் கெடுக்கிறது.

பெரும்பாலான வில்லின் மரை அங்குல மரை. ஸ்டெபிலைசரும் (வில்லை ஆடாமல் நிறுத்தும் கம்பி) பட்டன் துளையும் 5/16-24, அதாவது விட்டம் 5/16 அங்குலம், அங்குலத்துக்கு 24 மரை. சைட் பொருத்தும் திருகு 10-24. ஹார்ட்வேர் கடையில் கிடைப்பது மில்லிமீட்டர் மரையுள்ள எம்8, எம்5. எம்8-க்கும் 5/16-க்கும் விட்டத்தில் வித்தியாசம் 0.06 மி.மீ.தான். கையில் பிடித்தால் ஒன்றே போலத் தெரியும். ஆனால் எம்8-இன் மரை இடைவெளி 1.25 மி.மீ, மற்றதுடையது 1.06 மி.மீ. முதல் இரண்டு சுற்று உள்ளே போகும், மூன்றாவதில் இறுகும், "துரு போல" என்று நினைத்து ஸ்பேனர் போடுவார்கள். ரைசர் அலுமினியம், திருகு எஃகு. எது தேயும் என்று சொல்லத் தேவையில்லை.

ஆலன் கீயும் (அறுகோணச் சாவி) அப்படித்தான். 1/8 அங்குலம் 3.18 மி.மீ, அதில் 3 மி.மீ கீ போட்டால் வழுக்கித் தலையை உருட்டிவிடும். 3/32 அங்குலம் 2.38 மி.மீ, அதில் 2.5 நுழையாது, 2 சுழலும். அங்குல ஆலன் கீ செட் ஒன்றுதான் முதல் செலவு. ஆனால் சில கம்பெனிகள் சில திருகுகளை மில்லிமீட்டரில் போடுகின்றன, குறிப்பாகக் கொரிய, ஐரோப்பிய ரெஸ்ட், சைட்டுகளில். கீ ஆடாமல் கச்சிதமாக உட்கார்ந்தால்தான் திருப்ப வேண்டும்.

பூட்டும் பசை வேண்டுமென்றால் நீல நிறம், ஒரு துளி. சிவப்பு வேண்டாம், அதைக் கழற்றச் சூடு காட்ட வேண்டியிருக்கும். கார்பன் ரைசரில் அது நடக்காது.

9 ஜூன், இரவு 9.40 | நாணிழை

ரீகர்வ் பிரேஸ் ஹைட். 68 அங்குல வில்லுக்கு 21.5 முதல் 23 செ.மீ வரை பொதுவான எல்லை. உங்கள் லிம்ப் கம்பெனி சொல்லும் எண் எதுவோ அதன் கீழ் முனையில் தொடங்கி, 2 மி.மீ, 2 மி.மீ.யாக ஏற்றிப் போங்கள். ஒவ்வொரு நிலையிலும் சத்தத்தைக் கேளுங்கள், இலக்கில் அம்புகள் விழும் குழுவைப் பாருங்கள். சத்தம் தணிந்து குழு சுருங்கும் இடம் உங்களுடையது.

முறுக்கு ஏற்றினால் நாண் குறுகும், பிரேஸ் ஹைட் கூடும். எந்தப் பக்கம் ஏற்கெனவே முறுக்கியிருக்கிறதோ அதே பக்கம்தான் ஏற்ற வேண்டும். எதிர்ப் பக்கம் போனால் செர்விங் தளரும். முறுக்கே இல்லாத நாண் தட்டையாகக் கிடக்கும், அதிர்வும் கூடும். மிதமிஞ்சி முறுக்கினால் கயிறு தன்மேலேயே சுருண்டு முடிச்சு விழும். அந்த நிலைக்கு வந்தால் உங்களுக்குத் தேவை இன்னும் முறுக்கு இல்லை, அரை அங்குலம் குட்டையான நாண்.

நாண் ஏற்ற ஸ்டிரிங்கர் (லிம்பை நேராக வளைக்கும் கயிறு) கட்டாயம். காலுக்கிடையில் வில்லை நுழைத்து வளைத்து ஏற்றுவது லிம்பைத் திருகிவிடும். ஏற்றியபின் நுனியிலிருந்து ஒரு கண்ணால் பார்த்து, நாண் இரு லிம்பின் நடுவிலும் விழுகிறதா, லிம்ப் முனைப் பள்ளத்தில் சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் இழுக்க வேண்டும்.

10 ஜூன், காலை 6.55 | வாசகர் ஒருவர்

வாரம் ஒருமுறை நாண் முழுக்க மெழுகு தேய்த்தால் போதும், வேறு பராமரிப்பே வேண்டாம் என்று எங்கள் மைதானத்தில் சொல்வார்கள். செர்விங் மேலும் சேர்த்துத் தேய்ப்போம்.

10 ஜூன், காலை 8.30 | நாணிழை

செர்விங் மேல் வேண்டாம். மெழுகு வேலை செய்வது திறந்திருக்கும் இழைகளுக்கு இடையில். அங்கே உராய்வைக் குறைக்கும், தூசியையும் ஈரத்தையும் தடுக்கும். நடு செர்விங்கில் தேய்த்தால் நாக் (அம்பின் வாலில் நாணைக் கவ்வும் பிளவு) பிடிப்பு மாறும், அழுக்கு சேர்ந்து நாக் உள்ளே ஒட்டும். காம்பவுண்டில் கேம் பள்ளத்தில் போகும் செர்விங்கிலும் அதே கதை.

கிழமை பார்த்து மெழுகு போட வேண்டாம். நாணைத் தொட்டுப் பாருங்கள். வறண்டு, சிலிர்த்த மயிர்போல இழை எழுந்திருந்தால் போடுங்கள். போடும் முன் பழைய மெழுகை எடுக்க வேண்டும்: பல் இடுக்கு நூலை நாணில் ஒரு சுற்றுச் சுற்றி, மேலிருந்து கீழே இழுத்தால் சாம்பல் நிறத்தில் வழிந்து வரும். பிறகு கொஞ்சமாகப் பூசி, விரலிடுக்கில் சூடு வரும் வரை உருவுங்கள், அது உருகி உள்ளே போகும். மெழுகு மேலே கட்டியாக நின்றால் அது பாரம் மட்டும்தான்.

ஓர் இழை அறுந்திருந்தால் மெழுகு மருந்தாகாது, நாண் மாற்ற வேண்டும்.

10 ஜூன், இரவு 8.10 | நெல்லை வில்லாளி

என் நடு செர்விங் விரல் படுற இடத்துல பிரிஞ்சு நகருது. சரி பண்ணலாமா, புது ஸ்ட்ரிங் வாங்கணுமா?

10 ஜூன், இரவு 9.25 | நாணிழை

அடியில் இழைகள் நன்றாக இருந்தால் செர்விங் மட்டும் மாற்றுங்கள். கடைக்கு அனுப்பக் கூடாத வேலைகளில் இதுதான் முதல் வேலை. ஏனென்றால் இதன் தடிமன் உங்கள் அம்பின் நாக்-குக்குப் பொருந்த வேண்டும், உங்கள் நாக் கடைக்காரரிடம் இல்லை.

வில்லை நாணேற்றி வையுங்கள். பழைய செர்விங்கின் தொடக்கம், முடிவு, நாக்கிங் பாயின்ட் மூன்றையும் நோட்டில் எழுதிவிட்டுப் பிரியுங்கள். பிளேடை நாணுக்கு நேரே வைக்காதீர்கள். நுனியை ஊசியால் கிளப்பி உருவுங்கள். புது நூலின் நுனியை இழைகளுக்கு நடுவே நுழைத்து, நாணோடு ஒட்டிப் படுக்க வைத்து, அதன் மேலேயே 2 செ.மீ சுற்றி, மிஞ்சியதை வெட்டுங்கள். நாணின் முறுக்கு எந்தத் திசையோ அதே திசையில் சுற்ற வேண்டும். நாக்கிங் பாயின்டுக்கு மேல் 6 செ.மீ.யில் தொடங்கி, மொத்தம் 18 செ.மீ அளவுக்குப் போனால் ஆர்ம்கார்டு (முன்கைக் காப்பு) உரசும் இடமும் மூடப்படும்.

செர்விங் ஜிக்கின் (நூல் சுற்றும் கருவியின்) இறுக்கம்தான் சூட்சுமம். தளர்வாக இருந்தால் இரண்டு நாளில் நகரும். சுற்றும்போது நாண் தானும் சற்றுத் திரும்ப முயல வேண்டும், அந்த அளவுக்கு இறுக்கம். சுற்றுகள் ஒன்றோடொன்று ஒட்டி நிற்க வேண்டும், நகத்தால் வருடினால் படிக்கட்டு தெரியக் கூடாது.

முடிக்கும் இடத்தில் நூலைப் பெரிய வளையமாக விட்டு, வளையத்துக்குள் எதிர்த் திசையில், செர்விங்கை நோக்கிப் பத்துப் பன்னிரண்டு சுற்று போடுங்கள். நுனியை நாணோடு படுக்க வைத்து வளையத்தைத் தொடர்ந்து சுற்றினால், உள்ளே போட்டது பிரிந்துகொண்டே வெளியே சுற்றாக மாறி நுனியை மூடும். கடைசியில் நுனியை இடுக்கியால் இழுத்து வெட்டுங்கள்.

சோதனை: அம்பை நாணில் மாட்டி, முனை தரையைப் பார்க்கத் தொங்கவிட்டு, நாக்கிலிருந்து இரண்டு விரல் தள்ளி நாணை விரலால் சுள்ளென்று தட்டுங்கள். தொங்கவிட்டதும் விழுந்தால் தளர்வு, பலமுறை தட்டியும் விழாவிட்டால் இறுக்கம். ஒரு தட்டில் விழ வேண்டும். இறுக்கமென்றால் மெல்லிய செர்விங் நூல், தளர்வென்றால் தடித்தது. நாக்கின் காதை அரம் போட்டுத் தேய்க்காதீர்கள். தேய்த்த காது உடைந்தால் அது அம்பே இல்லாமல் வெறும் நாணை விட்டு அறைந்தது போல ஆகிவிடும்.

11 ஜூன், மதியம் 1.15 | அச்சாணி

அப்படி வெறும் நாண் அறைந்துவிட்டால், காம்பவுண்டோ ரீகர்வோ, உடனே அடுத்த அம்பு வைக்காதீர்கள். பஞ்சை எடுத்து லிம்பின் இரு விளிம்பிலும் நெடுக ஓட்டுங்கள். பஞ்சு சிக்கும் இடத்தில் சில்லு எழுந்திருக்கிறது. காம்பவுண்டில் நாண் கேம் பள்ளத்தில் இருக்கிறதா, கேம் நேராகச் சுழல்கிறதா, ஆக்சிலின் இரு முனையிலும் உள்ள கிளிப் இருக்கிறதா பாருங்கள். நாண் பள்ளத்தை விட்டு வெளியே வந்திருந்தால் இழுத்துப் போட முயல வேண்டாம், அப்படியே பெட்டியில் வைத்துக் கடைக்கு.

11 ஜூன், இரவு 9.50 | வாசகர் ஒருவர்

அப்படியானால் நாங்கள் நாலு பேர் சேர்ந்து ஒரு பிரஸ் வாங்கிவிடலாமா? 2028 லாஸ் ஏஞ்சல்ஸில் காம்பவுண்ட் கலப்பு அணிப் போட்டி வருவதால் எங்கள் கிளப்பில் பாதிப் பேர் காம்பவுண்டுக்கு மாறிவிட்டார்கள்.

12 ஜூன், காலை 7.05 | நாணிழை

ஒரு கிளப்புக்கு ஒன்று என்றால் வாங்குங்கள். தனி ஆளுக்கு ஒரே ஒரு வில் இருக்கும்போது வேண்டாம். பிரஸ் மட்டும் வாங்கினால் பாதி வேலைதான் நடக்கும். கூடவே டிரா போர்டும் (வில்லை இழுத்து நிறுத்தும் பலகை) வில் தராசும் வேண்டும். கேபிளைத் தொட்ட பிறகு இரண்டு கேமின் ஸ்டாப்பும் (இழுப்பை நிறுத்தும் முட்டு) ஒரே நேரத்தில் தொடுகிறதா என்பதை ஒருவர் இழுத்துக்கொண்டு இன்னொருவர் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. வின்ச் போட்டு மெதுவாக இழுத்து நிறுத்திப் பார்க்க வேண்டும்.

வாங்கும் முன் அந்த பிரஸ்ஸின் விரல்கள் உங்கள் லிம்பின் முனையைப் பிடிக்குமா, லிம்ப் நடுவில் தள்ளுமா என்று பாருங்கள். நாண் ஏறிய நிலையிலேயே லிம்ப் கிடையாக அல்லது அதையும் தாண்டி வளைந்து நிற்கும் வில்லுக்கு முனையைப் பிடிக்கும் பிரஸ்தான் ஏற்றது. கயிறும் கொக்கியுமாக வரும் கைப்பெட்டி பிரஸ் மைதானத்தில் அவசரத்துக்கு. அதிலும் உங்கள் லிம்புக்குரிய கொக்கிதான் போட வேண்டும், பிளவு லிம்புக்கு வேறு.

12 ஜூன், காலை 7.40 | அச்சாணி

இதோடு ஒன்று. பிரஸ்ஸில் போடும் முன் லிம்ப் போல்ட் எவ்வளவு வெளியே இருக்கிறது என்று கையேட்டோடு ஒப்பிடுங்கள். கேபிளை அரை முறுக்கு, அரை முறுக்காக மாற்றுங்கள். ஒவ்வொரு முறையும் வெளியே எடுத்து டிரா போர்டில் பாருங்கள். யோக் கேபிளில் (நுனியில் இரண்டாகப் பிரியும் கேபிள்) ஒரு பக்கம் ஏற்றினால் மறுபக்கம் அதே அளவு இறக்குங்கள், இல்லாவிட்டால் கேம் நேரமும் (இரண்டு கேமும் ஒன்றாகச் சுழலும் ஒத்திசைவு) சேர்ந்து ஓடிவிடும்.

கேபிளில் முறுக்கு ஏற்றினால் உச்ச எடையும் ஏறும். வேர்ல்ட் ஆர்ச்சரி (உலக வில்வித்தை அமைப்பு) விதிப்படி காம்பவுண்டுக்கு 60 பவுண்ட் உச்ச வரம்பு. 59-இல் வைத்திருப்பவர் கேம் நேரம் சரிசெய்த கையோடு தராசில் மாட்டிப் பார்க்காமல் போட்டிக்குப் போனால் பரிசோதனை மேசையில் திருப்பி அனுப்பப்படுவார்.

12 ஜூன், இரவு 10.20 | நாணிழை

அம்பு பக்கத்தை யாரும் கேட்கவில்லை, ஆனால் கடைக்கு அனுப்ப வேண்டிய ஒன்று அதில் இருக்கிறது: கார்பன் ஷாஃப்ட் (அம்புத் தண்டு) வெட்டுவது. பைப் கட்டரோ ஹாக்ஸா பிளேடோ போட்டால் நார் பிளந்து நிற்கும். வேகமாகச் சுழலும் தேய்ப்புச் சக்கரமும் தூசி உறிஞ்சியும் வேண்டும். கார்பன் தூசி மூச்சில் போகக் கூடாது.

மற்றது வீட்டில். முனை கழற்றச் சுடரை ஷாஃப்ட்டில் காட்டாதீர்கள், பிசின் வெந்துவிடும். குறைந்த சூட்டில் இளகும் ஹாட்மெல்ட் பசை போட்டிருந்தால் கொதித்த தண்ணீரில் முனையை மட்டும் முக்கி, இடுக்கியால் நேரே இழுத்தால் வந்துவிடும். இறகு ஒட்டும் முன் ஐசோபுரொபைல் ஆல்கஹாலால் துடைத்து, அதன் பிறகு அந்த இடத்தைத் தொடாமல் ஒட்டுங்கள். ஒவ்வொரு சுற்றிலும் அம்பைப் பிடுங்கியதும் காதருகே சற்று வளைத்துத் திருகிப் பாருங்கள். மெல்லிய சடசடப்பு கேட்டால் உடைத்து எறியுங்கள், பயிற்சிக்குக்கூட வைக்காதீர்கள். கார்பன் அம்பு எய்யும் கணத்தில் சிதறினால் போவது வில் பிடித்த கை.

13 ஜூன், காலை 9.00 | வாசகர் ஒருவர்

இந்தியன் ரவுண்டுக்கு (நம் நாட்டுப் போட்டிப் பிரிவு) மூங்கில் வில்தான் வைத்திருக்கிறோம். அதற்கு இதெல்லாம் உண்டா?

13 ஜூன், மதியம் 12.10 | நாணிழை

நோட்டு உண்டு, பிரேஸ் ஹைட் உண்டு. பயிற்சி முடிந்ததும் நாணை இறக்குங்கள், ஏற்றியே வைத்தால் வளைவு நிலைத்து எடை குறையும். நுனி வலுவூட்டப்படாத மர, மூங்கில் வில்லுக்கு டாக்ரான் (சற்று நீளும் பாலியஸ்டர் இழை) நாண் போடுங்கள். நீளாத நவீன இழை, அம்பு விடும் அதிர்ச்சியை முழுக்க நுனியில் இறக்கிப் பள்ளத்தைப் பிளக்கும்.

13 ஜூன், இரவு 9.15 | நெல்லை வில்லாளி

தங்கச்சி வில்லுக்கு ஸ்ட்ரிங், கேபிள் ரெண்டும் மாத்தக் கடைக்கு அனுப்பப் போறோம். திரும்பி வந்ததும் என்ன பார்க்கணும்?

13 ஜூன், இரவு 10.02 | நாணிழை

அனுப்பும் முன்னால் கேளுங்கள்: நாண் முன்கூட்டியே இழுத்துப் பதப்படுத்தியதா, எந்த இழை. வெக்ட்ரான் கலந்த இழை வெயிலில் நீளாமல் நிற்கும். நம் ஊர் மைதானத்துக்கு அது நல்லது. பழைய நாணையும் கேபிளையும் திருப்பித் தரச் சொல்லுங்கள், அவசரத்துக்கு அது கையில் இருக்க வேண்டும். லாரியிலும் பூட்டிய காரிலும் கிடக்கும் பெட்டிக்குள் சூடு ஏறினால் லிம்ப் ஒட்டுப் பிசினும் மெழுகும் இளகும். அதனால் மதியம் முழுக்க வெயிலில் நிற்கும் வண்டியில் அனுப்பாதீர்கள்.

வந்ததும் எய்ய வேண்டாம். பஞ்சு ஓட்டுங்கள். நோட்டில் உள்ள எல்லா எண்ணையும் மறுபடி அளங்கள். ஆக்சில்-டு-ஆக்சில் 3 மி.மீ.க்கு மேல் மாறியிருந்தால் கடைக்குப் போன் போட்டுக் காரணம் கேளுங்கள், தெரிந்து மாற்றியிருந்தால் சொல்வார். கேபிள் கார்டில் (கேபிளை அம்பின் பாதையிலிருந்து ஒதுக்கும் கம்பி) கேபிள் சரியான பள்ளத்தில் இருக்கிறதா, இறகை உரசுகிறதா பாருங்கள். கேபிளில் புது வெள்ளி மார்க்கர் கோடு போடுங்கள்.

பிறகு நூறு, நூற்றைம்பது அம்பு சாதாரணமாக எய்யட்டும், சைட்டைத் தொட வேண்டாம். புது நாண் படியும்போது பீப் கொஞ்சம் திரும்பும். திரும்பினால் முதலில் டி-லூப்பைச் செர்விங் மேல் இடுக்கியால் சற்றுச் சுழற்றிப் பாருங்கள், பெரும்பாலும் அதிலேயே சரியாகும். சரியாகாவிட்டால்தான் பிரஸ்ஸில் போட்டு இழைகளைப் பீப்பின் மறுபக்கத்துக்கு மாற்ற வேண்டும், அதற்கு மறுபடி கடை. படிந்த பிறகு அளக்கும் எண்கள்தான் இனி உங்கள் அடிப்படை எண்கள். பழைய பக்கத்தைக் கிழிக்காமல் அடுத்த பக்கத்தில் தேதி போட்டு எழுதுங்கள்.